6.88 பெரிதா, 6.7 பெரிதா? மலிவு விலைப் பெரிய திரை போன்களை எடைபோடுவது எப்படி

பெட்டியின் மேல் 6.88 இன்ச் என்று போட்டிருந்தால், 6.7 இன்ச் போனைவிட அது பெரியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரெட்மி 14சி 6.88 இன்ச், சாம்சங் கேலக்ஸி ஏ16 6.7 இன்ச். இரண்டும் 2024-இல் வெளிவந்தவை. அதிகம் செலவழிக்காமல் பெரிய திரை வேண்டும் என்று தேடுகிறவர்கள் கண்ணில் சட்டென்று படுபவையும் இந்த ரகம்தான். ஆனால் திரையின் அகலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14சி-க்கு 70.3 மி.மீ., ஏ16-க்கு 71.3 மி.மீ. எண்ணில் சிறியதுதான் அகலத்தில் பெரியது.

இன்ச் என்று சொல்வது மூலைக்கு மூலை அளந்த மூலைவிட்டம். 14சி-யின் திரை 20.5:9 என்ற விகிதத்தில் ஒட்டடைக் கம்பு மாதிரி நீண்டிருக்கிறது. ஏ16-இன் திரை 19.5:9. அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் நீட்டினாலும் மூலைவிட்டம் ஏறிவிடும், விளம்பரத்தில் போட ஒரு பெரிய எண்ணும் கிடைத்துவிடும். மொத்தப் பரப்பு 14சி-யில் 112.4 சதுர செ.மீ., ஏ16-இல் 110.2. வித்தியாசம் 2 சதவீதம், அதுவும் மேலும் கீழும்தான். பழைய 16:9 காலத்து 5.5 இன்ச் போன்களின் திரை அகலமே 68.5 மி.மீ. இருந்தது. இத்தனை ஆண்டு 'வளர்ச்சி'யில் அகலம் கூடியது 2, 3 மி.மீ. அவ்வளவுதான்.

இதனால் என்ன என்று கேட்டால், வீடியோவில்தான் முதலில் தெரியும். யூடியூபில் வருவது பெரும்பாலும் 16:9. போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் படத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது திரையின் அகலம்; மீதி இருபுறமும் கறுப்புப் பட்டை. அந்தக் கணக்கில் 14சி-யில் கிடைக்கும் படம் 5.64 இன்ச், ஏ16-இல் 5.73 இன்ச். பட்டையை நீக்க இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். அகலத்திரையில் எடுத்த சினிமா பார்ப்பவருக்கு மட்டும் நீண்ட திரை கொஞ்சம் லாபம்.

படிப்பதற்கு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏ4 தாளில் 12 பாயிண்ட் எழுத்தில் தட்டச்சான ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, பக்கம் முழு அகலமும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அகலம் 210 மி.மீ., திரையின் அகலம் 70. எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி 4 பாயிண்ட் ஆகிவிடும். இந்த அளவு இரண்டு போனிலும் ஒன்றுதான். மாறுவது அந்த எழுத்தை வரையக் கிடைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. 14சி-யின் 720 புள்ளி அகலத்தில் ஒரு எழுத்தின் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 14 புள்ளி. ஏ16-இன் 1080-இல் 22. ஆங்கில எழுத்து 14 புள்ளியில் ஒருவாறு தேறிவிடும். தமிழ் தேறாது. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி. மேலே 'ணி' என்று கொக்கி வேறு போட வேண்டும். 14 புள்ளிக்குள் இத்தனையும் அடைத்தால் சுழியெல்லாம் மையாகக் கரைந்து, மணியா மனியா என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். போனைப் படுக்கவைத்தால் எழுத்து 9 பாயிண்ட் அளவுக்கு ஏறும், அப்போது 14சி-யிலும் 33 புள்ளி கிடைக்கும், சிரமமில்லை. ஆனால் ஒரு பக்கத்தை முடிக்க நாலைந்து முறை தள்ள வேண்டியிருக்கும்.

720 புள்ளி அகலமுள்ள எச்டி+ திரை என்றாலே மோசம் என்று ஒதுக்கவும் வேண்டாம். 14சி-யில் ஒரு இன்ச்சுக்கு 260 புள்ளி, ஏ16-இல் 385. நல்ல பார்வை உள்ளவரின் கண் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத தூரம் 260-க்குச் சுமார் 34 செ.மீ. வீடியோ பார்க்கும்போது போன் இயல்பாகவே அதைவிடத் தள்ளித்தான் இருக்கும். படுத்துக்கொண்டு 25 செ.மீ. தூரத்தில் செய்தி படிக்கிறவருக்குத்தான் எழுத்தின் ஓரத்தில் பிசிறு தெரியும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் வாங்கிய பிறகுதான் தெரிகிறது. திரை பெரிதானால் அதிக வரிகள் தெரியும் என்று எதிர்பார்க்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் பெரும்பாலான போன்களில் அப்படி நடப்பதில்லை. எழுத்தும் ஐகானும் சேர்ந்து பெரிதாகிவிடுகின்றன. செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குள் 'டிஸ்பிளே சைஸ்' என்று ஒரு இழுவைப் பட்டை இருக்கும். அதை ஒரு படி குறைத்தால்தான் கூடுதல் இடம் கிடைக்கும். எச்டி+ திரையில் குறைத்தால் மேலே சொன்ன சுழிப் பிரச்சினை தலைகாட்டும். 1080 புள்ளி அகலமுள்ள முழு எச்டி+ திரையில் தாராளமாகக் குறைக்கலாம். பெரிய திரையின் முழுப் பயனையும் எடுக்க வேண்டுமானால் புள்ளி எண்ணிக்கை அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

திரையின் வகையிலும் வித்தியாசம் உண்டு. 14சி-யில் எல்சிடி, ஏ16-இல் அமோலெட். எல்சிடியில் கறுப்பு நிறம் இருட்டறையில் சாம்பலாகத்தான் தெரியும். பின்னால் எரியும் விளக்கு கறுப்பைக் காட்டும்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதனால் டார்க் மோட் போட்டாலும் எல்சிடியில் பேட்டரி மிச்சமாகாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட்டில் மிச்சமாகும். மறுபக்கமும் இருக்கிறது. அமோலெட் திரை வெளிச்சத்தைக் குறைக்கும்போது வேகமாக மினுக்கும். சிலருக்கு அதனால் தலைவலி வரும். கடையில் வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்து, வேறொரு போனின் கேமராவால் திரையைப் பார்த்தால் பட்டைபட்டையாக ஓடுவது தெரியும். திரை உடைந்தால் மாற்றும் செலவும் அமோலெட்டுக்குத்தான் பொதுவாக அதிகம். அடிக்கடி போனைக் கீழே போடுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கட்டும்.

திரை விநாடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதைச் சொல்வது ஹெர்ட்ஸ்: 14சி-க்கு 120 ஹெர்ட்ஸ், ஏ16-க்கு 90 ஹெர்ட்ஸ். இதையும் பெரிய எண்ணாகப் பெட்டியில் போடுவார்கள். 120 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 8.3 மில்லி விநாடி. மலிவு எல்சிடியின் புள்ளிகள் நிறம் மாற அதைவிட அதிக நேரம் எடுப்பதால், வேகமாகத் தள்ளும்போது எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். சிப்பும் ஒவ்வொரு விநாடியும் 120 காட்சி தயாரித்துக் கொடுக்கும் வலு உள்ளதாக இருக்க வேண்டுமே.

அந்த வலுவில்தான் இந்த விலை போன்கள் உண்மையில் பிரிகின்றன. 14சி-யின் 4ஜி மாடலில் இருப்பது ஹீலியோ ஜி81 அல்ட்ரா சிப்: 12 நானோமீட்டர் (இந்த எண் குறைந்தால் பொதுவாக மின்செலவும் குறையும்), இரண்டு கார்டெக்ஸ் ஏ75 கோர், ஆறு ஏ55 கோர். ஏ75 என்பது 2017-இல் அறிவித்த வடிவமைப்பு. ஏ16-இன் 4ஜி மாடலில் ஹீலியோ ஜி99: 6 நானோமீட்டர், இரண்டு ஏ76 கோர். காகிதத்தில் ஒரு எண் வித்தியாசம். கையில் கீபோர்டு எழும்பும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

சிப்பைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஸ்டோரேஜின் வகை. எத்தனை ஜிபி என்று எல்லோரும் கேட்கிறார்கள், எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. 14சி 4ஜி-யில் இஎம்எம்சி 5.1. இது ஒற்றைத் தடப் பாலம் மாதிரி: ஒரு நேரத்தில் படிக்க முடியும், அல்லது எழுத முடியும், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. உச்ச வேகமும் விநாடிக்கு 400 எம்பிதான். இன்னொரு வகையான யுஎஃப்எஸ் 2.2-இல் போகவும் வரவும் தனித்தனிப் பாதை, உச்ச வேகமும் அதைப்போலச் சுமார் மூன்று மடங்கு. புதிய போன் ஒரு வாரம் நன்றாக ஓடி, பிறகு 'சுத்துது சுத்துது, திறக்கவே மாட்டேங்குது' என்று ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பிளே ஸ்டோர் பின்னணியில் பத்து ஆப்பை அப்டேட் செய்துகொண்டிருக்கும். வாட்ஸ்அப் வீடியோக்களை இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் கேமராவைத் திறப்பீர்கள். பாலம் அடைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை: ரெட்மி 14சி 5ஜி என்று அதே பெயரில் இன்னொரு போன் இருக்கிறது. அதே 6.88 இன்ச், அதே 5160 எம்ஏஎச். உள்ளே ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப், யுஎஃப்எஸ் 2.2 ஸ்டோரேஜ். பெயரில் ஒட்டியிருக்கும் '5ஜி' என்ற வால் நெட்வொர்க்கைப் பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. வேறொரு போனே அது. ஊரில் 5ஜி சிக்னல் இல்லாதவருக்கும் அந்த வாலுக்கான கூடுதல் பணம் வீண்போகாது. விவரக்குறிப்பில் ஸ்டோரேஜ் வகையைப் பற்றி மூச்சே விடாத போன்களில் இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. யுஎஃப்எஸ் போட்டவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

இஎம்எம்சி போன் ஏற்கெனவே கையில் இருந்தால் செய்யக்கூடியவை உண்டு. பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், நெட்வொர்க் பிரிஃபரன்சஸ், அதில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை போன் சார்ஜில் சும்மா இருக்கும்போது கையால் அப்டேட் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் வீடியோ தானாக இறங்குவதை அணையுங்கள். ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழும். மெமரி கார்டு போட்டால் போட்டோவும் பாட்டும் அங்கே போகும், வாட்ஸ்அப் போகாது.

'4 ஜிபி ரேம் + 4 ஜிபி ரேம், ஆக 8 ஜிபி' என்ற கூட்டல் கணக்கை நம்ப வேண்டாம். இரண்டாவது 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. யுஎஃப்எஸ் உள்ள போனில் கொஞ்சம் உதவும். இஎம்எம்சி போனில் ஏற்கெனவே நெரிசலான பாலத்தில் இன்னொரு லாரியை ஏற்றுவதுதான். அடிஷனல் செட்டிங்ஸில் 'மெமரி எக்ஸ்டென்ஷன்' என்றோ, டிவைஸ் கேரில் 'ரேம் பிளஸ்' என்றோ இருப்பதை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நாள் பார்த்து முடிவு செய்யுங்கள். புதிதாக வாங்குவதானால் உண்மையான 6 ஜிபி ரேமுக்குக் கீழே போக வேண்டாம்.

பேட்டரியில் 14சி-யின் 5160 எம்ஏஎச்சுக்கும் ஏ16-இன் 5000-க்கும் உள்ள இடைவெளி 3 சதவீதம். அதைச் சிப்பின் 12, 6 நானோமீட்டர் வித்தியாசமே விழுங்கிவிடும். சார்ஜிங்கில் ஒரு கணக்கு: 5160 எம்ஏஎச் பேட்டரி ஏறக்குறைய 20 வாட்-மணி. 18 வாட் சார்ஜரால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்று வரும். நடைமுறையில் இரண்டு மணி ஆகும், ஏனென்றால் சூட்டில் ஒரு பகுதி போகும், 80 சதவீதத்துக்கு மேல் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் சார்ஜரைச் செருகினால் மூன்று மணியைத் தொடும். ஏ16 25 வாட் வரை வாங்கிக்கொள்ளும், ஆனால் பல இடங்களில் பெட்டிக்குள் சார்ஜர் வராது. அதன் விலையையும் போனின் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். சாம்சங்குக்கு வாங்கும் சார்ஜரில் 'பிடி', 'பிபிஎஸ்' என்ற வேக சார்ஜிங் முறைகள் இரண்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் '33 வாட்' என்று மட்டும் போட்ட வேறு கம்பெனி சார்ஜர் அதில் பாதி வேகம்கூடத் தராமல் போகலாம்.

கேமராவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பகலில் இரண்டுமே போதும். 50 மெகாபிக்சல் என்பது நான்கு புள்ளியை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வெளியே வரும். பின்பக்கம் எத்தனை வட்டம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள்; 2 மெகாபிக்சல் மேக்ரோவும், 'துணை லென்ஸ்' என்று பெயரில்லாமல் வரும் வட்டமும் வாழை மரத் தோரணம் மாதிரி, அழகுக்கு. ஏ16-இல் உள்ள 5 மெகாபிக்சல் அல்ட்ராவைடு, குறுகிய அறையில் கூட்டமாகப் படம் எடுக்க உதவும், அந்த அளவுக்குத்தான். 14சி-யில் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை இருக்கிறது, ஏ16-இல் இல்லை.

5ஜி வேண்டும் என்று தேடுகிறவர்கள் எஸ்ஏ (தனித்தே இயங்கும் 5ஜி), என்எஸ்ஏ (4ஜி நெட்வொர்க்கைச் சார்ந்து இயங்கும் 5ஜி) என்ற சுருக்கங்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். ரெட்மி ஏ4 5ஜி-யும் 6.88 இன்ச்தான், விலையும் குறைவு. ஆனால் அது எஸ்ஏ வகை 5ஜி-யை மட்டுமே பிடிக்கும். உங்கள் நெட்வொர்க் என்எஸ்ஏ முறையில் 5ஜி தருவதானால் அந்தப் போனில் 4ஜி-தான் ஓடும்.

இனி மதிப்புக்கு வருவோம். விலையை இன்ச்சால் வகுப்பது வீண். பாதுகாப்பு அப்டேட் மீதமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். அப்டேட் காலம் எண்ணத் தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கிடையாது, மாடல் வெளிவந்த நாளிலிருந்து. நான்கு ஆண்டு அப்டேட் வாக்களித்த போனை, வெளிவந்து ஒன்றரை ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மீதம் 30 மாதம். ஏ16-க்கு சாம்சங் சொல்லியிருப்பது ஆறு ஆண்டு. அதே ஒன்றரை ஆண்டு கழித்து வாங்கினாலும் 54 மாதம் மிச்சம். இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: 4 ஜிபி ரேமில் ஆறாவது ஆண்டு ஆண்ட்ராய்டு எப்படித் தள்ளாடும் என்பதை ஊகிக்கலாம். அப்டேட் வாக்கை நம்பி வாங்குகிறவர் ரேமையும் அதற்கேற்ப எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாக்குறுதி பாதிதான் பயன்படும்.

எங்கள் தீர்ப்பு இது: ஏ16-இன் 6 ஜிபி அல்லது 8 ஜிபி மாடல், 14சி 4ஜி-யின் விலையைப்போல ஒன்றரை மடங்குக்குள் கிடைத்தால் யோசிக்காமல் ஏ16. ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நடுவில் 14சி 5ஜி-யைப் பாருங்கள். திரை அதே எச்டி+ தான், ஆனால் வேகம் தாக்குப்பிடிக்கும். 14சி 4ஜி-யை மாணவருக்கோ, போனிலேயே வேலை பார்க்கிறவருக்கோ பரிந்துரைக்க மாட்டோம்.

எதை எடுத்தாலும் கடையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரவுசரில் ஒரு வெள்ளைப் படத்தை முழுத்திரையில் வைத்து, முன் கேமராவைச் சுற்றியும் கீழ் விளிம்பிலும் நிழல் படிந்திருக்கிறதா பாருங்கள். எல்சிடியில் அது கொஞ்சம் இருக்கும், திட்டுத் திட்டாக இருக்கக் கூடாது. மேப்ஸைத் திறந்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். நீலப் புள்ளியின் முன்னால் விசிறி மாதிரி விரியும் வெளிச்சம் உங்களோடு திரும்பவில்லை என்றால் அந்தப் போனில் காம்பஸ் சென்சார் இல்லாமல் இருக்கலாம். வழி தேடி நடக்கும்போது தெருமுனையில் நின்று முழிக்க வேண்டிவரும். யாருக்காவது கால் போட்டுக் காதில் வைத்து எடுங்கள். திரை உடனே அணைந்து, எடுத்ததும் உடனே எரிய வேண்டும். மலிவு போன்கள் பலவற்றில் இதற்கென்று தனிச் சென்சார் வைக்காமல் மென்பொருளை வைத்தே சமாளிக்கிறார்கள். அது தடுமாறினால் கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும், எதிர்முனையில் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார்கள். கடைசியாக, நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் தெளிவான படம் வேண்டுமானால், வீடியோவைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் முறையின் உயர்நிலையான 'வைட்வைன் எல்1' இருக்க வேண்டும். 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற இலவச ஆப்பைப் போட்டால் எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டிவிடும். எல்3 என்றால் எவ்வளவு பெரிய திரையாக இருந்தாலும் 480 புள்ளிப் படம்தான்.

14சி 4ஜி யாருக்குத்தான் ஆகும் என்றால், வீட்டில் பெரியவர்களுக்கு. கண் மங்கியவர்கள் எழுத்தை எப்படியும் பெரிதாக்கித்தான் படிப்பார்கள். பெரிதான எழுத்தில் 260 புள்ளியின் பிசிறு கண்ணில் படாது. வாட்ஸ்அப், வீடியோ கால், யூடியூப் என்று ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கிற பழக்கத்துக்கு இஎம்எம்சியும் தாங்கும். கொடுக்கும் முன் ஃபாண்ட் சைஸை இரண்டு படி, டிஸ்பிளே சைஸை ஒரு படி ஏற்றிவையுங்கள். இரண்டையும் கடைசிவரை ஏற்றினால் பல ஆப்களில் 'ஓகே' பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிடும். லாக் ஸ்கிரீனில் வரும் விளம்பரப் படங்களையும், ஒவ்வொரு ஆப்பிலும் 'ரெக்கமண்டேஷன்' என்ற பெயரில் வரும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். வயதானவர்கள் தெரியாமல் தொட்டு இறக்கும் குப்பை ஆப்களில் பாதி அந்த வழியாகத்தான் வருகின்றன. பவர் பட்டனில் இருக்கும் கைரேகைச் சென்சாரில் வலது கட்டைவிரலை இரண்டு முறை பதியுங்கள், ஒன்று நேராக, ஒன்று விரலின் ஓரத்தால். ரேகை தேய்ந்த விரலுக்கு ஒரே பதிவு போதாது.